மாய உலகம் எங்கே இருக்கிறது?



இலக்கியத் தாளில் 'இடப்பின்னணி' பற்றிக் கேட்டால் நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? நாவலில் வரும் ஊர், வீடு, பள்ளிக்கூடம், தோட்டம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சம்பவத்தை ஒட்டவைக்கிறோம். நடப்பு வாழ்க்கையைச் சொல்லும் கதைகளுக்கு இது ஓரளவு செல்லும். மாயக்கதைக்குச் செல்லாது. ஃபேண்டஸி என்கிறோமே, மிகுபுனைவு என்றும் எழுதுகிறார்கள், அந்த வகைக் கதையில் இடம் எங்கே இருக்கிறது என்பதே கதையின் பாதி.

காரணம் எளிது. கோலாலம்பூரில் நடக்கும் கதையைப் படிக்கும்போது 'அந்த ஊரை நான் ஏன் பார்த்ததில்லை?' என்று யாரும் கேட்கமாட்டார்கள். பேசும் சிங்கமும் மந்திர மோதிரமும் உள்ள உலகம் என்றால் வாசகர் மனத்தில் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். அப்படி ஓர் உலகம் இருந்தால், அது ஏன் நம் கண்ணில் படவில்லை? எழுத்தாளர் இதற்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். ரொம்பக் காலத்துக்கு முன்னால் இருந்தது, இப்போது இல்லை எனலாம். வேறொரு அண்டத்தில் இருக்கிறது எனலாம். நம் பக்கத்திலேயே ஒளிந்திருக்கிறது, கடலுக்கு அப்பால் இருக்கிறது, தூக்கத்தில் கண்டது, இப்படியும் சொல்லலாம். எந்தப் பதிலைச் சொன்னாலும் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கதையின் முடிவில் கட்டவேண்டும். நான் இங்கே சொல்ல வருவது இதுதான்.

இந்தப் பதில்களில் மலிவானது எது என்று ஆசிரியர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கற்பனைக் கட்டுரைகளைத் திருத்தும் எல்லாருக்கும் தெரியும். மாணவன் பறக்கிறான், நிலவில் இறங்குகிறான், அரக்கனோடு மோதுகிறான். மூன்றாம் பக்கத்தில் அம்மா தட்டி எழுப்புகிறார். அட, இதெல்லாம் கனவா! முப்பது கட்டுரைகளில் இருபதாவது இப்படித்தான் முடியும். மொழி நன்றாக இருந்தால் புள்ளியும் கொடுத்துவிடுகிறோம். ஆனால் அந்தக் கடைசி வரி அதற்கு முன் எழுதிய மூன்று பக்கத்தையும் என்ன செய்கிறது என்று மாணவரிடம் நாம் பேசுவதில்லை. பேசவேண்டும். அதற்கு உதவியாகச் சில நல்ல கதைகளைப் பார்ப்போம்.

முதலில் ஆஸ். அமெரிக்க எழுத்தாளர் எல். ஃபிராங்க் பாம் எழுதிய 'ஆஸ் நாட்டு அற்புத மந்திரவாதி' 1900-இல் வெளிவந்தது. சூறாவளி டோரத்தி என்ற சிறுமியை வீட்டோடு தூக்கிக்கொண்டுபோய் ஆஸ் நாட்டில் போடுகிறது. 1939-இல் இது ஹாலிவுட் படமாக வந்தது. நம்மில் பலருக்குப் படம்தான் தெரியும். படத்தின் முடிவில் டோரத்தி தன் கட்டிலில் கண்விழிக்கிறாள். சுற்றி நிற்கும் பண்ணையாட்களின் முகங்கள்தாம் அவள் கனவில் சோளக்கொல்லைப் பொம்மையாகவும் தகர மனிதனாகவும் வந்தவை. ஆக, ஆஸ் அவள் தலைக்குள் இருந்தது.

புத்தகத்தில் அப்படி இல்லை. அதில் ஆஸ் உண்மையான நாடு. நான்கு பக்கமும் கடக்க முடியாத பாலைவனம் சூழ்ந்திருப்பதால்தான் நமக்குத் தெரியவில்லை. டோரத்தி வெள்ளிக் காலணிகளின் துணையோடு திரும்பி வருகிறாள். வந்து இறங்கியதும் அவள் கண்ணில் படுவது, ஹென்றி மாமா கட்டியிருக்கும் புது வீடு. பழைய வீட்டைச் சூறாவளி கொண்டுபோய்விட்டது அல்லவா! ஒரே ஒரு விவரம்தான், ஆனால் அவள் போனதும் உண்மை, வந்ததும் உண்மை என்று அது சொல்லிவிடுகிறது.

இன்னும் கேளுங்கள். அந்தப் புது வீட்டைக் கட்டுவதற்கு மாமா பண்ணையை அடமானம் வைக்கவேண்டி வந்தது. வரிசையின் ஆறாவது புத்தகமான 'ஆஸின் மரகத நகரம்' 1910-இல் வந்தபோது, அந்தக் கடனை அடைக்க முடியாமல் பண்ணை கைவிட்டுப்போகும் நிலைக்கு வந்துவிடுகிறது. டோரத்தி மாமாவையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு ஆஸுக்கே குடிபோகிறாள். முதல் கதையில் அடித்த காற்று பத்து ஆண்டு கழித்து அடமானக் கடனாக வந்து நிற்கிறது. கனவில் பறந்த வீட்டுக்கு யாராவது வங்கியில் வட்டி கட்டுவார்களா?

அதே புத்தகத்தின் முடிவில் பாம் தம் பதிலை மாற்றவேண்டி வந்தது. மனிதர்கள் வானூர்திகளில் பறக்கத் தொடங்கிவிட்ட காலம் அது. பாலைவனம் மட்டும் இனி போதாது. அதனால் கிளிண்டா என்ற மந்திரக்காரி நாட்டையே கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்துவிடுகிறாள். உலகத்தில் ஓர் இயந்திரம் வந்ததும் மாயநாட்டின் வேலியைப் புதுப்பிக்கவேண்டியதாகிவிட்டது, பார்த்தீர்களா? இத்தோடு ஆஸ் கதைகளை நிறுத்திவிடத்தான் பாம் நினைத்தார். வாசகப் பிள்ளைகள் விடவில்லை. 1913-இல் கம்பியில்லாத் தந்தி வழியாக ஆஸோடு தொடர்பு கிடைத்ததாகச் சொல்லி மறுபடியும் எழுத ஆரம்பித்தார்.

கனவு என்றாலே தப்பு என்று நான் சொல்லவில்லை. லூயிஸ் கரோலின் 'ஆலிஸ்' (1865) கனவுக்கதை. அது முதலிலிருந்தே கனவின் சட்டப்படி நடக்கிறது. ஆள் பெரிதாவதும் சிறிதாவதும், குழந்தை பன்றிக்குட்டியாவதும், எந்தப் பேச்சும் முடியாமல் வேறு பேச்சுக்குத் தாவுவதும் கனவில் நடப்பவையே. அங்கே கனவு கதையின் இயல்பு. நம் கட்டுரைகளில் அது தப்பி ஓடும் பின்வாசல். மாணவன் அரக்கனிடம் மாட்டிக்கொண்டான், எப்படி வெளியே வருவது என்று தெரியவில்லை, அம்மாவைக் கூப்பிட்டுவிட்டான்.

இதைப் பற்றிக் கறாராகப் பேசியவர் ஜே.ஆர்.ஆர். டோல்கியன். 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அது விரிவான கட்டுரையாக 1947-இல் அச்சில் வந்தது. கதையில் நடந்த அற்புதங்களுக்கு விளக்கமாகக் கடைசியில் தூக்கத்தைக் காட்டும் கதைகளை அந்த வகையிலேயே சேர்க்கமாட்டேன் என்கிறார். அற்புதம் உண்மையாக நடந்ததாகச் சொல்லப்படவேண்டும் என்பது அவர் கட்சி. அப்படியானால் அவருடைய சொந்த உலகம் எங்கே இருக்கிறது?

'தி ஹாபிட்' (1937), 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954–55) இரண்டும் நடப்பது மிடில் எர்த் என்ற இடத்தில். படம் பார்த்த மாணவர்களைக் கேட்டால் அது வேறொரு கிரகம் என்பார்கள். இல்லை. அது நம் பூமிதான். அந்தப் பெயரே டோல்கியன் புனைந்தது கிடையாது. மனிதர் வாழும் உலகத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. அவர் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர், சொல்லின் வேர் அவருக்குத் தெரியும். இடத்தைப் பொறுத்தவரை தாய்மண்ணிலேயே நின்றுகொண்டேன், காலத்தை மட்டும் கற்பனை செய்துகொண்டேன் என்ற பொருளில் 1958-இல் ஒரு வாசகருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கதையின் முடிவுக்கும் நம் காலத்துக்கும் இடையே சுமார் 6000 ஆண்டுகள் இருக்கலாம் என்றும் கணக்குச் சொல்கிறார். 1967-இல் எழுதிய இன்னொரு கடிதத்தில், ஹாபிட்டுகளின் ஊர் ஏறக்குறைய ஆக்ஸ்ஃபோர்டின் அகலக்கோட்டில் இருப்பதாகக் கொண்டால், அங்கிருந்து 600 மைல் தெற்கே உள்ள மினாஸ் திரித் நகரம் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் இருக்கும் அகலக்கோட்டில் வரும் என்கிறார்.

கடிதத்தில் ஆயிரம் சொல்லலாம், கதைக்குள் சான்று உண்டா என்று நீங்கள் கேட்கவேண்டும். தேர்வாளரும் அதைத்தான் கேட்பார். உண்டு. நூலின் முன்னுரையே ஹாபிட்டுகள் பழைய உலகத்தின் வடமேற்கில் வாழ்ந்தவர்கள், அதன் பிறகு நிலங்களின் வடிவம் மாறிவிட்டது என்று சொல்லித்தான் தொடங்குகிறது. பின்னிணைப்பில் அவர்களுடைய நாட்காட்டியை விளக்கும் இடத்தில் ஆண்டின் நீளம் 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 46 விநாடி என்று வருகிறது. நம் ஆண்டு! வேறு கிரகம் என்றால் எப்படி இவ்வளவு பொருந்தும்? வானத்தையும் பாருங்கள். 'அரிவாள்' என்று அவர்கள் அழைக்கும் ஏழு நட்சத்திரங்கள் நம் சப்தரிஷி மண்டலம். ஒளிரும் இடைவாரோடு எழும் 'வாள்வீரன்' ஓரியன். நம் திருவாதிரை நட்சத்திரம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். கதையில் வரும் ஊர்களை நாம் பார்க்க முடியாது. அவர்கள் பார்த்த வானத்தை இன்றிரவு வாசலில் நின்று பார்க்கலாம்.

இன்னொரு சின்ன விவரம் எனக்கு மிகவும் பிடித்தது. 'தி ஹாபிட்' முதல் பதிப்பில் விருந்தாளி ஒருவர் குளிர்ந்த கோழிக்கறியும் தக்காளியும் கேட்பார். 1966 பதிப்பில் தக்காளி போய் ஊறுகாய் வந்துவிட்டது. தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி, பழைய ஐரோப்பாவில் கிடையாது, அதனால்தான் எடுத்துவிட்டார் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். நியாயமான ஊகம். வேற்றுக் கிரகத்தில் தக்காளி விளைந்தால் யாருக்கு என்ன நட்டம்? நம் பூமியின் பழங்காலம் என்று முடிவெடுத்தவருக்குத்தான் அந்தத் தக்காளி உறுத்தும். (உருளைக்கிழங்கை மட்டும் அவர் விடவில்லை. அதுவும் அமெரிக்கச் செடிதான். சாம் என்ற பாத்திரத்திடமிருந்து உருளைக்கிழங்கைப் பறிக்க அவருக்கே மனம் வரவில்லை போலும்.)

சரி, இந்த இடத்தேர்வுக்கு விலை என்ன? கதை நடந்தது நம் பூமியில். இன்று நம் பூமியில் எல்ஃப் எனப்படும் அந்தச் சாகாத மக்கள் இல்லை, மந்திரவாதிகள் இல்லை, மரங்களை மேய்க்கும் மரமனிதர்கள் இல்லை. அப்படியென்றால் கதைக்குள்ளேயே அவர்கள் எல்லாரும் போயாகவேண்டும். போகிறார்கள். தீய மோதிரம் அழிந்ததும் எல்ஃபுகளின் மூன்று மோதிரங்களும் வலுவிழக்கின்றன. அவற்றால் காக்கப்பட்ட அழகிய காடு வாடத் தொடங்குகிறது. நல்லவர்கள் வெல்கிறார்கள், வென்றதாலேயே இழக்கிறார்கள். கடைசியில் கப்பல் ஏறுகிறவர்களோடு கதாநாயகன் ஃப்ரோடோவும் போய்விடுகிறான். மோதிரம் அழிந்த பிறகு இத்தனை பக்கம் எதற்கு என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். அந்தப் பக்கங்களில்தான் கடன் அடைபடுகிறது. இதையே தூரத்துக் கிரகத்தில் நடந்ததாக எழுதியிருந்தால் எல்லாரும் அங்கேயே சுகமாக இருந்திருக்கலாம், நமக்கும் துக்கம் இருந்திருக்காது.

அவர்கள் போகும் மேற்குத் திசை நாட்டுக்கு நாம் ஏன் கப்பலில் போக முடியவில்லை? இதற்கும் பதில் வைத்திருக்கிறார். அவர் இறந்த பின் 1977-இல் வெளிவந்த 'தி சில்மரிலியன்' நூலில், ஆதியில் பூமி தட்டையாக இருந்தது. மனிதர்கள் பேராசையால் மேற்கு நாட்டின் மீது படையெடுத்தபோது பூமி வளைக்கப்பட்டது. இன்று மனிதனின் கப்பல் மேற்கே போனால் சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வரும். எல்ஃபுகளின் கப்பல்கள் மட்டும் பழைய நேர்வழியில் போகின்றன. உலகம் உருண்டை என்ற பள்ளிப்பாடத்தை ஒரு சோகக்கதையாக மாற்றிவிட்டார் மனிதர்.

குறை இல்லாமல் இல்லை. 6000 ஆண்டில் ஐரோப்பாவின் கரையோரமும் மலைகளும் அந்த அளவுக்கு மாறியிருக்க வழியில்லை. நிலவியல் படித்தவர் வரைபடத்தைப் பார்த்துச் சிரிப்பார். டோல்கியனுக்கும் இது தெரியும், கதை நம்பிக்கைக்கு அந்தக் கால இடைவெளி போதும் என்று நம்புவதாகச் சமாதானம் சொன்னார். என்னைக் கேட்டால், அகலக்கோட்டுக் கணக்கெல்லாம் பின்னால் சேர்த்த அலங்காரம். கதையைத் தாங்குவது வானமும் நாட்காட்டியும் அந்தப் பிரிவும்தான். அவை உறுதியாக இருக்கின்றன.

மற்றக் கதைகளைச் சுருக்கமாகத் தொட்டுவிட்டுப் போகிறேன். ஹாரி பாட்டர் (1997) உலகம் நம் பக்கத்திலேயே, லண்டன் ரயில் நிலையத்தின் 9-க்கும் 10-க்கும் இடைப்பட்ட மேடையில் தொடங்குகிறது. விலை: மந்திரம் தெரியாத நம்மிடமிருந்து எல்லாவற்றையும் மறைக்க ஓர் அமைச்சும் சட்டமும் காவலும் வேண்டும். அதனால் அது பாதி அரசாங்க அலுவலகக் கதையாகவும் ஆகிவிடுகிறது. உர்சுலா லெ குவினின் எர்த்ஸீக்கு (1968) நம் உலகத்தோடு தொடர்பே கிடையாது. அங்கே நம் ஊர்ப் பிள்ளை யாரும் போவதில்லை, திரும்பி வருவதுமில்லை.

சி.எஸ். லூயிஸின் நார்னியா தனி அண்டம். 1950-இல் வந்த முதல் கதையில் நான்கு பிள்ளைகள் ஓர் அலமாரி வழியாக உள்ளே போய்ப் பல ஆண்டு அரசாண்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள். இங்கே ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. வளர்ந்து அரசர்களாக இருந்தவர்கள் மறுபடியும் பிள்ளைகள். இது ஏறக்குறைய கனவு மாதிரிதானே என்று தோன்றும். லூயிஸ் 1955-இல் எழுதிய 'மந்திரவாதியின் மருமகன்' நூலில் இதைச் சரிசெய்கிறார். டிகரி என்ற சிறுவன் அந்த உலகத்திலிருந்து ஓர் ஆப்பிளைக் கொண்டுவருகிறான். சாகக் கிடந்த அவன் அம்மா அதைத் தின்று பிழைக்கிறார். அதன் நடுப்பகுதியைத் தோட்டத்தில் புதைக்க, மரம் வளர்கிறது. பிற்பாடு புயலில் விழுந்த அந்த மரத்தில் செய்ததுதான் அந்த அலமாரி!

அங்கிருந்து கையில் என்ன வந்தது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நம் மணிமேகலையைத் திறந்து பாருங்கள். ஓர் எச்சரிக்கை: சாத்தனாரின் காப்பியத்தை ஃபேண்டஸி என்று விடையில் எழுதிவிடாதீர்கள். அது பௌத்த சமயக் காப்பியம், அதன் அற்புதங்கள் நம்பிக்கையின் பகுதி. ஆனாலும் அற்புத இடம் எங்கே வைக்கப்படுகிறது என்ற கேள்வியை அதனிடமும் கேட்கலாம்.

உவவனத்தில் இருந்த மணிமேகலையை மணிமேகலா தெய்வம் மயக்கத்தில் ஆழ்த்தித் தூக்கிச் சென்று மணிபல்லவத் தீவில் வைத்துவிடுகிறது. அவள் விழித்துப் பார்க்கிறாள், தெரியாத மணல், தெரியாத கடற்கரை, தோழி சுதமதி அருகில் இல்லை. நம் மாணவர் தூக்கத்திலிருந்து விழித்ததும் கதையை முடிப்பார். சாத்தனார் அங்கேதான் தொடங்குகிறார். தீவு எங்கே? புகாருக்குத் தெற்கே 30 யோசனை தூரத்தில். திசையும் உண்டு, தொலைவும் உண்டு. காலமும் நார்னியா மாதிரி ஏமாற்றவில்லை. ஏழு நாளில் அவள் திரும்புவாள் என்று தெய்வம் சுதமதியிடம் சொல்லிவிட்டுப் போகிறது. இங்கே சுதமதியும் மாதவியும் அந்த நாட்களை எண்ணிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

திரும்பி வரும் மணிமேகலையின் கையில் அமுதசுரபி இருக்கிறது. கோமுகிப் பொய்கையில் வைகாசி விசாக நாளில் மேலெழும் பாத்திரம் அது, ஒரு காலத்தில் ஆபுத்திரன் ஏந்தியது. அதில் ஆதிரை முதல் பிச்சை இடுகிறாள். தீராப் பசிநோயில் வாடிய காயசண்டிகையின் வயிறு நிறைகிறது. புகார் நகரத்துப் பசி உண்மையானது, அதைத் தீர்த்த சோறும் உண்மை. அப்படியென்றால் அந்தத் தீவைக் கனவு என்று யார் சொல்ல முடியும்? 'மணிபல்லவம் காப்பியத்தில் பெறும் இடம் யாது?' என்று கேட்டால், பீடிகை கண்டாள், பழம்பிறப்பு உணர்ந்தாள், பாத்திரம் பெற்றாள் என்று மூன்று வரியோடு நிறுத்தாதீர்கள். தீவு தொலைவில் இருந்தாலும் இதே உலகத்தில் இருப்பதால்தான், அங்கே பெற்றது இங்கே பசியைத் தீர்க்கிறது என்ற இணைப்பையும் எழுதுங்கள். விடைக்கு உயிர் அங்கிருந்து வரும்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி. பத்துமலையை எடுத்துக்கொள்வோம். 272 படி ஏறி உள்ளே போகும் ஒரு மாணவி, குகையின் பின்சுவரில் ஒரு வழியைப் பார்த்து அந்தப் பக்கம் ஒரு நாட்டுக்குள் நுழைகிறாள் என்று வையுங்கள். எழுதத் தொடங்கும் முன் மாணவர்கள் ஒரே ஒரு வரியில் பதில் எழுதட்டும்: தினமும் இத்தனை பேர் ஏறி இறங்கும் இடத்தில் அந்த நாடு ஏன் யார் கண்ணிலும் படவில்லை? பழங்காலத்து நாடு என்று எழுதுகிற மாணவர், அது எப்படி அழிந்தது என்று சொல்லவேண்டும். ஒளிந்திருக்கிறது என்பவர், ஒளித்து வைத்திருப்பவர் யார் என்று சொல்லவேண்டும். காலம் வேறு மாதிரி ஓடும் நாடு என்றால், இறங்கி வரும்போது கீழே நிற்கும் அப்பாவுக்கு எத்தனை வயது ஆகியிருக்கும் என்று கேளுங்கள். பாதிக் கதை அப்போதே வந்துவிடும்.

முடிவுக்கு வந்ததும் இன்னும் ஒன்று. படியில் இறங்கும் அவள் கையில் ஏதாவது ஒன்று இருக்கட்டும், அல்லது போகும்போது இருந்த ஏதாவது ஒன்று இல்லாமல் போகட்டும். ஒரு செருப்பு குறைந்தாலும் போதும். அம்மா எழுப்பவேண்டாம், அவர் கீழே அர்ச்சனைத் தட்டோடு காத்துக்கொண்டிருக்கட்டும்.